ஐஸ் ரூமுக்கு மேலே படுக்கை: படகு கேபினில் மெத்தை ஏன் நனைகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூர் துறைமுகத்திலிருந்து நாலைந்து நாள் கடலிலேயே இருந்து மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போகும் இரும்பு விசைப்படகு. வீல் ஹவுஸை, அதாவது படகை ஓட்டும் அறையை, ஒட்டி ஒரு சின்ன கேபின், அதில் இரண்டு படுக்கை. ஒன்று ஐஸ் ரூமின், அதாவது ஐஸ் போட்டு மீன் வைக்கும் அறையின், மேல்தளத்திலேயே இருக்கிறது. கரையில் கட்டிக் கிடக்கும்போது எல்லாம் காய்ந்திருக்கிறது. ஐஸ் ஏற்றிப் புறப்பட்டால் மறுநாள் காலையிலேயே அந்தப் படுக்கையின் மெத்தை அடியில் நனைந்துவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் கூரையிலிருந்தும் சொட்டுகிறது. காற்றோடு ஈரம் வருகிறதோ என்று இடுக்குகளை எல்லாம் அடைத்துப் பார்த்தீர்கள், குறையவில்லை. இனி சிலிகா ஜெல் வைக்கலாமா, சின்ன ஏசி போடலாமா, மெத்தைக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்கலாமா என்று கேட்கிறீர்கள். இந்த மூன்றில் எதை வாங்குவது என்பதைவிட, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மூன்றையும் வாங்க வேண்டியிருக்காது.

நான் குளிர்பதனம் படித்தவன். கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் படகுகளின் ஐஸ் ரூமுக்கு இன்சுலேஷன் (வெப்பத்தடுப்பு) போடுவதும் பழசைப் பிரித்துப் பார்ப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. உங்கள் படகை நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது படகைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன். கரையில் காய்ந்திருப்பது ஐஸ் ஏற்றியதும் நனைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை வைத்தே முக்கால்வாசி சொல்லிவிடலாம்: மெத்தையை நனைப்பது அநேகமாக ஒழுக்கு இல்லை. கேபின் காற்றில் இருக்கும் ஈரம்தான் ஐஸால் குளிர்ந்த பலகையில் தண்ணீராகப் படிகிறது.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான், ஆனால் அளவு தெரிந்தால்தான் வேலைக்கு ஆகும். காற்று எந்த வெப்பத்துக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியத் தொடங்குமோ, அதைப் பனிநிலை என்கிறோம். இதைக் கணக்கிட ஒரு சுலபமான வழி இருக்கிறது. 100-லிருந்து காற்றின் ஈரப்பத சதவீதத்தைக் கழித்து, வருவதை 5-ஆல் வகுத்து, அதை அப்போதைய வெப்பத்திலிருந்து கழியுங்கள். கேபினில் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை 26 டிகிரி. நம் கடலில் இது சாதாரண ராத்திரி. அதாவது கேபினுக்குள் 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் நனையும். 26 டிகிரி என்பது கையால் தொட்டால் ஜில்லென்று தெரியாத வெப்பம். அதனால்தான் பலகையைத் தொட்டுப் பார்ப்பவர்கள் இது ஒன்றும் குளிராக இல்லையே என்று சொல்லி ஓட்டையைத் தேடப் போய்விடுகிறார்கள்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஐரோப்பியப் பாய்மரப் படகுக்காரர்கள் எழுதியது. அவர்களுக்குக் குளிர்காலத்தில் கடல்நீரே 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். படகின் பக்கச் சுவர் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும், உள்ளே தூங்குபவர் விடும் மூச்சு அதில் படிந்து வழியும். ஹீட்டர் போடு, வெளியே உள்ள வறண்ட குளிர்காற்றை உள்ளே விடு என்று அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. நம் வங்கக் கடலின் மேல்மட்ட நீர் வருடத்தில் பெரும்பகுதி 27 முதல் 30 டிகிரி வரை இருக்கிறது. அதனால் நம் படகின் பக்கச் சுவர் பெரும்பாலும் வியர்ப்பதில்லை. வெளிக்காற்றும் உள்ளே இருப்பதைப் போலவே ஈரமானது. நம் படகில் குளிர்ந்த பரப்பு இரண்டுதான்: ஐஸ் ரூமைத் தொட்டுக்கொண்டிருக்கும் தளமும் சுவரும் ஒன்று, தெளிந்த வானத்தின் கீழ் இருக்கும் இரும்புக் கூரை இன்னொன்று. உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது.

எந்த வேலையும் தொடங்கும் முன் ஒழுக்கு இல்லை என்பதை ஊர்ஜிதப்படுத்துங்கள். மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையை நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை துடைத்துக் காயவிடுங்கள். இந்தத் துடைப்பு முக்கியம், ஏனென்றால் பழைய உப்பு ஒட்டியிருந்தால் பனித்தண்ணீரும் உப்புக் கரிக்கும், ஏமாந்துபோவோம். பிறகு ஓரடிச் சதுரத்தில் ஒரு கனமான பிளாஸ்டிக் தாளைப் பலகையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி மூடி, மெத்தையைப் பழையபடி மேலே போடுங்கள். ஐஸ் ஏற்றிய மறுநாள் காலையில் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். தாளின் மேல்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்று அடிப்பக்கம் காய்ந்திருந்தால் அது கேபின் காற்றின் ஈரம். அடிப்பக்கம் நனைந்திருந்தால் பலகை வழியாகக் கீழிருந்து ஏறுகிறது. அப்படியே அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் காயவையுங்கள். சுத்தமாகத் துடைத்த பலகையில் நின்ற பனித்தண்ணீர் காய்ந்தால் தட்டில் அநேகமாக ஒன்றும் தெரியாது. கடல்நீர் வெள்ளை வளையம் விட்டுப் போகும். ஐஸ் ரூமில் மீன் கழுவி வடிந்த தண்ணீர் என்றால் பழுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும், வாடையே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது மெத்தைக்கு வருகிறேன். எங்கே கேட்டாலும் இன்சுலேஷன் சரியில்லை, கூட்டிப் போடு என்பார்கள். அது பாதி உண்மை. உங்கள் ஐஸ் ரூம் மேல்தளத்தில் 2 அங்குல பஃப் (பாலியூரிதேன் ஃபோம் பலகை) நல்ல நிலையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மெத்தை இல்லாமல் பலகை திறந்திருந்தால், கீழே 0 டிகிரி ஐஸும் மேலே 30 டிகிரி காற்றும் இருக்கும்போது பலகையின் மேல்பரப்பு ஏறத்தாழ 27, 28 டிகிரியில் நிற்கும். பனிநிலை 26 என்பதால் அது காய்ந்தே இருக்கும். அதே பலகை மீது 3 அங்குல ஃபோம் மெத்தையை வையுங்கள். ஃபோமும் ஒரு இன்சுலேஷன்தான். 3 அங்குல ஃபோம் கிட்டத்தட்ட 2 அங்குல பஃப் அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும். கேபினின் சூடு பலகைக்குப் போய்ச் சேரவிடாமல் மெத்தை மறித்துவிடுகிறது. இரண்டு தடுப்பும் ஏறத்தாழச் சமம் என்பதால், நடுவில் இருக்கும் பலகை 0-க்கும் 30-க்கும் பாதியில், 15 டிகிரிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மேலே ஆள் படுத்தால் உடம்புச் சூட்டில் ஒன்றிரண்டு டிகிரி கூடலாம், அவ்வளவுதான். ஃபோம் வெப்பத்தைத் தடுக்குமே தவிர ஈரக்காற்றைத் தடுக்காது. காற்றின் ஈரமும் ஆளின் வியர்வையும் ஃபோமுக்குள் ஊடுருவி இறங்கி 15 டிகிரிப் பலகையைத் தொட்ட இடத்தில் தண்ணீராகிவிடும். ஆக, காய்ந்திருந்த பலகையை நனைய வைத்ததே மெத்தைதான்.

இதனால்தான் பிளாஸ்டிக் தாள் யோசனை எடுபடாது. தாளைப் பலகை மேல் விரித்தால் பலகை தப்பிக்கும், தண்ணீர் தாளின் மேல்பக்கத்தில் நிற்கும், மெத்தை அதை உறிஞ்சும். மெத்தைக்கு ரெக்சின் உறை போட்டாலும், ஜிப்பும் தையல் ஓட்டைகளும் இருக்கும்வரை ஈரம் உள்ளே போய்விடும். உள்ளே போனது வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நாறும்.

நீங்கள் செய்ய வேண்டியது மெத்தையைப் பலகையிலிருந்து தூக்குவது. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன், ஏனென்றால் இது செலவும் குறைவு, பலனும் நிச்சயம். 3, 4 அங்குல உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்து அதில் நைலான் நாடாவோ கயிறோ பின்னிவிடுங்கள். வலை பின்னத் தெரிந்த கைகளுக்கு நாடாக்கட்டில் பின்னுவது ஒரு மணி நேர வேலை. பலகைத் துண்டுகளை இடைவெளி விட்டு அடித்தாலும் சரிதான், ஆனால் நாடா என்றால் காற்று தாராளமாகப் போகும், படகு ஆடும்போது உடம்புக்கும் இதம். கட்டிலின் பக்கங்களைப் பலகை வைத்து மறைத்துவிடாதீர்கள். தலைமாடும் கால்மாடும் திறந்திருந்தால்தான் கேபின் காற்று கட்டிலுக்கு அடியில் ஓடி, ஐஸ் ரூம் தளத்தை 27 டிகிரியில் வைத்திருக்கும். அந்த இடைவெளியில் துணி மூட்டையையும் அரிசிப் பையையும் திணித்தால் செய்த வேலை வீண். மெத்தைக்கு ஃபோமைவிட ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தை நல்லது, காற்றுப் போகும். என் விருப்பத்தைக் கேட்டால் நாடாவின் மேல் கோரைப்பாய், அதன் மேல் ஒரு மெல்லிய விரிப்பு. காலையில் பாயைச் சுருட்டி வெயிலில் போட்டுவிடலாம்.

அடுத்தது இன்சுலேஷன். உங்கள் தளத்தில் எவ்வளவு கனம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பது பார்த்தால்தான் தெரியும். ஆனால் பழைய ஐஸ் ரூம்களைப் பிரிக்கும்போது திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். உள்பக்கம், அதாவது ஐஸ் பக்கம், ஃபைபர் பூசி அருமையாக அடைத்திருப்பார்கள். கேபின் பக்கம் வெறும் பிளைவுட், பிளைவுட்டின் விளிம்பில் விரல் நுழையும் இடுக்கு. இப்படிப்பட்ட இடத்தில் காற்றின் ஈரம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குத்தான் போகும். கேபின் பக்கம் திறந்திருந்தால் அது இன்சுலேஷனுக்குள் புகுந்து அங்கேயே தண்ணீராகி, வருடக்கணக்கில் சேரும். அப்படிப்பட்ட தளத்தில் பஃப் பலகையைப் பெயர்த்துக் கையில் எடுத்தால் ஈரச் செங்கல் மாதிரி கனக்கும், அழுத்தினால் தண்ணீர் கசியும். தெர்மோகோல் போட்டிருந்தாலும் ஊறினால் கதி இதுதான். ஊறிய இன்சுலேஷன் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஆகவே ஈரத்தடுப்பு சூடான பக்கத்தில், கேபின் பக்கத்தில், கண்டிப்பாக இருக்க வேண்டும். ஃபைபர் பூச்சோ, நல்ல எபாக்சி பெயிண்டோ, எதுவானாலும் மூலை முடுக்கெல்லாம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

பழைய இன்சுலேஷன் காய்ந்து நன்றாக இருக்கிறது, கனம் மட்டும் போதவில்லை என்றால் பிரிக்க வேண்டாம். கேபின் பக்கத்திலேயே ஓர் அங்குல நைட்ரைல் ரப்பர் ஷீட்டோ கிராஸ்லிங்க் பாலிஎத்திலீன் ஷீட்டோ ஒட்டலாம். ஏசி பைப் மேல் சுற்றியிருக்கும் கறுப்பு ரப்பர்தான் இந்த நைட்ரைல். இரண்டுமே மூடிய நுண்ணறைகள் கொண்டவை, தண்ணீரை உறிஞ்சாது, ஈரத்தையும் தடுக்கும். பரப்பு முழுக்கப் பசை தடவி ஒட்ட வேண்டும். நாலு ஓரம் மட்டும் ஒட்டினால் நடுவில் காற்று நுழைந்து அங்கே பனி படியும். துண்டுகள் சேரும் இடத்தில் அதே ரப்பர் டேப் ஒட்டுங்கள்.

இரும்புப் படகில் இன்னொரு தொல்லை இருக்கிறது. ஐஸ் ரூமிலிருந்து கேபினுக்கு வரும் இரும்புச் சட்டம், ஆங்கிள், போல்ட் ஒவ்வொன்றும் குளிரைக் கடத்தும் வழி. பஃபைவிட இரும்பு இரண்டாயிரம் மடங்கு வெப்பம் கடத்தும். ஐஸ் ரூம் சுவரின் கேபின் பக்கத்தில் அதிகாலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் சுவர் காய்ந்திருக்கும், திருகின் தலை ஒவ்வொன்றிலும் மட்டும் ஒரு சொட்டு தொங்கும். அதைச் சுற்றி நாலணா அளவில் கறுப்புப் பூஞ்சை வளையம் இருக்கும். அந்தப் புள்ளிகளைப் பார்த்தே உள்ளே சட்டம் எங்கெங்கே ஓடுகிறது என்று கோடு போட்டுவிடலாம். இதற்கு வைத்தியம், அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து கேபினுக்குள் ஒரு முழ நீளத்துக்காவது அதே ரப்பர் ஷீட்டால் சுற்றுவது. திருகுத் தலைகளை ஷீட் மூடிவிட வேண்டும், ஷீட்டைத் துளைத்துப் புதுத் திருகு போடக்கூடாது.

இந்தச் செலவுக்குப் படகு ஓனரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தால் ஐஸ் கணக்கைச் சொல்லுங்கள். ஆறடிக்கு மூன்றரை அடி, ஒரு படுக்கை அளவு தளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வழியாக இறங்கும் வெப்பம், 2 அங்குல பஃப் நல்ல நிலையில் இருந்தால், ஒரு நாளில் ஏறத்தாழ 7 கிலோ ஐஸைக் கரைக்கும். இன்சுலேஷன் ஊறிப்போயிருந்தால் அதே இடத்தில் 30 கிலோவுக்கு மேல் கரையும். இது கணக்குப் போட்டு வந்த எண், படகுக்குப் படகு முன்பின் ஆகும். இன்னொன்று எந்தப் படகிலும் மாறாது: ஒரு லிட்டர் ஈரம் அந்தப் பலகையில் தண்ணீராகப் படியும்போது அது விடும் வெப்பம் மட்டுமே 7 கிலோ ஐஸைக் கரைக்கப் போதும். மெத்தை நனைகிறது என்றால் மீனுக்கு வைத்த ஐஸும் சேர்ந்தே போகிறது.

காற்றோட்டத்துக்கு வருகிறேன். இடுக்குகளை அடைத்ததை முதலில் திறந்துவிடுங்கள். தூங்குகிற ஓர் ஆள் மூச்சிலும் தோல் வழியாகவும் மணிக்கு 40, 50 கிராம் ஈரம் விடுகிறார், புழுக்கத்தில் வியர்த்தால் இன்னும் கூடும். உங்கள் கேபின் ஆறரை அடிச் சதுரம், ஆறடி உயரம் என்று வைத்தால் அதில் 7 கன மீட்டர் காற்று இருக்கும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் அந்தக் காற்று இன்னும் 40 சொச்சம் கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் அரை மணியில் காற்று நிரம்பிவிடும். அதற்குப் பிறகு கொஞ்சம் குளிர்ந்த பரப்பு எதுவானாலும் நனையும். பக்கத்திலேயே சமையல் என்றால் கேட்கவே வேண்டாம். 1 கிலோ கேஸ் எரிந்தால் அதிலிருந்தே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வருகிறது, சோற்றுப் பானையின் ஆவி அதற்கு மேலே.

ஒரு 12 வோல்ட் சின்ன ஃபேன், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்குமே, ஐந்தங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான அந்த அளவு, இரண்டு மூன்று பேர் விடும் ஈரத்தை வெளியேற்றப் போதும். பேட்டரியிலும் சொற்பமே இழுக்கும். 24 வோல்ட் படகு என்றால் அதற்கான ஃபேனும் கிடைக்கிறது. கேபினின் மேல்பக்கத்தில் காற்றை வெளியே தள்ளும்படி அதை வையுங்கள். எதிர்ப்பக்கம் தாழ்வாக, முடிந்தால் கட்டிலுக்கு அடியில் காற்று வரும்படி, ஒரு திறப்பு விடுங்கள். ஒரே ஒரு திறப்பு மட்டும் இருந்தால் காற்று ஓடாது. மழையும் அலைத் தூவானமும் உள்ளே வராமலிருக்க, வெளியே ஒரு சின்னப் பெட்டி அடித்து, அதன் ஒரு முனையில் வெளிக்காற்று நுழையவும், மறுமுனையில் அடித்தட்டிலிருந்து உயர்ந்து நிற்கும் குழாய் வழியாகக் கேபினுக்குள் போகவும் வழி செய்யலாம். உள்ளே தெறித்த தண்ணீர் பெட்டியின் அடியில் இருக்கும் சிறு ஓட்டை வழியாக வடிந்துவிடும்.

ஆனால் காற்றோட்டத்துக்கு எல்லை உண்டு. வெளிக்காற்றின் பனிநிலை 26 என்றால், எத்தனை ஃபேன் வைத்தாலும் உள்ளே பனிநிலை அதற்குக் கீழே இறங்காது. உள்ளே சேரும் ஈரத்தை வெளியேற்றத்தான் காற்றோட்டம். 15 டிகிரிப் பலகையை அதனால் காயவைக்க முடியாது. கட்டிலைத் தூக்குவது முதலில், ஃபேன் பிறகு என்று நான் வரிசை வைப்பது இதனால்தான்.

சிலிகா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தைப் பிடிக்கும். காற்று வந்துபோகிற கேபினில் ஒரு கிலோ வைத்தால் இரண்டு பேரின் சில மணி நேர மூச்சுக்கே நிரம்பிவிடும். ஜிபிஎஸ், ஒயர்லெஸ் பெட்டி வைக்கும் மூடிய டப்பாவுக்குள் வையுங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. ஏசி ஓடும்போது ஈரம் குறையும் என்பது உண்மைதான். அதற்கு ராத்திரி முழுக்கக் கரண்ட் வேண்டும், கேபினையும் இறுக்கி மூட வேண்டும். அந்த இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஆட்கள் தூங்கும் கேபினை ஒருபோதும் முழுசாக அடைக்காதீர்கள். இன்ஜின் புகைக்குழாயில் ஒரு விரிசல் இருந்தாலோ, உள்ளே அடுப்பு எரிந்தாலோ கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடுவார். அதுபோல ஐஸ் ரூமின் காற்று கேபினுக்குள் வரும் வழி ஏதும் இருந்தால் அதை மட்டும் இறுக அடையுங்கள். மீன் கழிவு அழுகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும், மூடிக்கிடந்த மீன் கிடங்கில் இறங்கியவர்கள் உயிரிழக்கக் காரணமாகும் வாயு அது. கேபின் ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது அந்தப் பக்கம் இடுக்கு இருந்தால் அங்கிருந்தும் இழுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கூரைச் சொட்டு தனிக் கதை, சின்னக் கதை. மார்கழி, தையில் மேகமில்லாத ராத்திரியில் இரும்புத் தகடு தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். நம் கரையில் அப்போதும் காற்று ஈரமாகவே இருப்பதால் அந்தச் சில டிகிரி போதும். கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு தார்ப்பாய் கட்டினால் தகடு வானத்தைப் பார்க்காது, சொட்டு பெரும்பாலும் நின்றுவிடும். பகலில் வெயிலும் குறையும். காற்றுக்குத் தார்ப்பாய் நிற்காது என்றால் உள்பக்கம் அரை அங்குல மூடிய நுண்ணறை ஷீட்டை முழுப் பசையில் ஒட்டுங்கள். கார்க் தூள் கலந்த பெயிண்ட் அடித்தால் சொட்டுவது தள்ளிப்போகும், பனி படிவது நிற்காது. அதை நம்பி மட்டும் இருக்க வேண்டாம்.

இதெல்லாம் செய்த பிறகும் மெத்தை ராத்திரியில் பிசுபிசுவென்று இருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே தானாகத் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே இழுக்கும். நம் கடலில் ராத்திரி ஈரப்பதம் 75-க்கு மேல் இருப்பதுதான் வழக்கம். ஒரு தடவை கடல்நீர் பட்ட மெத்தை, பகலில் எவ்வளவு காய்ந்தாலும் ராத்திரி மறுபடி ஈரமாகும். நல்ல தண்ணீரில் அலசாமல் அதற்கு விமோசனம் இல்லை. ஈரக் கைலியையும் மழைக்கோட்டையும் கேபினுக்குள் தொங்கவிடாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனித்தண்ணீர் நல்ல தண்ணீர். மரத்தை அழுக வைப்பதில் கடல்நீரைவிட நல்ல தண்ணீர் வேகமானது. அந்தத் தளத்துப் பிளைவுட்டை ஒரு ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக இறங்கினால் அந்த இடத்தை மாற்றிவிடுங்கள். மேலே ஷீட் ஒட்டினால் அழுகல் உள்ளுக்குள்ளேயே பரவும். கறுப்புப் பூஞ்சையைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், தூள் மூச்சில் போகும். மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் ஈரமாகவே துடைத்தெடுங்கள். ஆஸ்துமா இருக்கிறவரை அந்தப் படுக்கையில் படுக்க விடாதீர்கள்.

வேலையைப் பொறுத்தவரை நாடாக்கட்டிலையும் ஃபேனையும் அடுத்த தங்கலுக்கு முன்பே முடித்துவிடலாம். இன்சுலேஷனைத் தொடுவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம்தான் சரி. 61 நாள் கிடைக்கிறது, வெயிலும் இருக்கிறது, தளத்தைத் திறந்து காயவைத்து மூட முடியும். அந்தச் சமயத்தில்தான் வெல்டிங் வேலையும் நடக்கும் என்பதால் ஒரு எச்சரிக்கை: பஃப் இருக்கும் சுவரின் மறுபக்கத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். அது உள்ளுக்குள் புகைந்து தீப்பிடிக்கும், எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். வெல்டிங் தவிர்க்க முடியாது என்றால் அந்தப் பகுதி பஃபைப் பெயர்த்து எடுத்துவிட்டு வையுங்கள், பக்கத்தில் தண்ணீரோடு ஓர் ஆள் நிற்கட்டும், வேலை முடிந்த பிறகும் நிற்கட்டும்.

அதற்கு முன், ஒரு தங்கலில் மூன்று அளவு மட்டும் எடுத்து இங்கே எழுதுங்கள். ஐஸ் ஏற்றிய மறுநாள் அதிகாலை கேபின் காற்றின் வெப்பம், ஈரப்பதம், அப்புறம் மெத்தையைத் தூக்கிய உடனே பலகையின் வெப்பம். பலகைக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். பளபளக்கும் தகட்டில் அது தப்பாகக் காட்டும், அந்த இடத்தில் ஒரு கறுப்பு டேப் ஒட்டி டேப்பைக் குறிபார்த்து அளந்துகொள்ளுங்கள். மெத்தை இல்லாமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு அதே இடத்தை இன்னொரு முறை அளந்தால், இன்சுலேஷன் ஊறியிருக்கிறதா, மெத்தை மட்டும்தான் காரணமா என்பதையும் சொல்லிவிடலாம். ஒரு மணி நேரத்தில் பலகை 27 டிகிரிக்கு ஏறிவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டியதில்லை. 20, 22 டிகிரியிலேயே நின்றால் தடைக்காலத்துக்கு ஆள் சொல்லி வையுங்கள்.